இறங்காத விரல்

என் காதுக்குள் எட்டாம் நம்பர் பிரஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகூட அதற்கு விடுமுறை கிடையாது. இதை நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. சொன்னவர்கள் ஆபீஸ்காரர்கள்.

எங்கள் தொழிற்சாலையில் பெயிண்ட் டப்பாவுக்கு மூடி அடிக்கிறோம். தகட்டைத் தள்ளினால் மேலிருந்து இரும்பு இறங்கி அடிக்கும், மூடி கீழே விழும். நிமிஷத்துக்கு நாற்பது மூடி. ஒரே கூரைக்குக் கீழே பதினாலு பிரஸ். அந்தக் கூரைக்கடியில் வாயால் பேசுகிற வழக்கமே இல்லை. கை பேசும், உதடு பேசும். இரண்டு விரலை வாயருகே கொண்டுபோனால் டீ. மணிக்கட்டைத் தட்டினால் நேரம் ஆச்சு. தொப்பியைத் தொட்டால் மேஸ்திரி வருகிறார். பெயர்கூட அங்கே பயன்படாது. ஏழு என்று விரல் காட்டினால் ஏழாம் பிரஸ்காரன் திரும்புவான். நான் எட்டு.

கேட்கவில்லை என்பதற்கு மட்டும் எங்களிடம் ஜாடை இல்லை. தேவைப்பட்டதில்லை. எல்லாருக்கும் கேட்காத இடத்தில் தனக்குக் கேட்கவில்லை என்று ஒருவனுக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியவந்தது டெலிபோனில். மகளைத் தூரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். ஞாயிறு காலையில் கூப்பிடுவாள். நேரில் என்றால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். டெலிபோனில் உதடு ஏது? அவள் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று, அவள் நிறுத்துகிற இடத்திலெல்லாம் "ம்" சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரி போனைப் பிடுங்கினாள். பேசி முடித்துவிட்டு என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"அவ என்ன கேட்டா தெரியுமா? உடம்பு எப்படிப்பா இருக்கு, நல்லா இருக்கீங்களா இல்லையான்னு. நீங்க ம்ங்கிறீங்க. சாப்பிட்டீங்களா, இல்ல அம்மா பட்டினி போட்டுட்டாளான்னு கேட்டா. அதுக்கும் ம்!"

"சரி, வேற என்ன சொன்னா?"

"மூணு மாசத்துல குழந்தை பிறந்திடும். பிறந்ததும் முதல் அழுகையை அப்பா காதுலதான் வைப்பேன்னு சொல்றா. நீங்க எந்தக் காதைக் கொடுக்கப் போறீங்க?"

மறுநாளே தொழிற்சாலை வைத்திய அறைக்குப் போனேன். காது டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே ஒரு சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாமல் போனால் அவர் இருக்கிற ஆஸ்பத்திரியில் வாசல் பெஞ்சில்தான் உட்கார முடியும்.

வைத்திய அறை அங்கே இல்லை. அறை இருந்தது, வைத்தியம் இல்லை. மருந்து அலமாரி போய், அந்த இடத்தில் தாமரை மொட்டு மாதிரி ஒரு விளக்கு இருந்தது. கட்டிலை எடுத்துவிட்டு ஜமக்காளம் விரித்திருந்தார்கள். கதவில் புதுப்பலகை. எழுத்துக் கூட்டி வாசித்தேன். நான் படிக்கக் கற்றதே மகள் ஒன்றாம் வகுப்பு போன வருஷம், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான். அதனால் பெரிய பலகை என்றால் கொஞ்ச நேரம் பிடிக்கும். "ஒலிவழி உள்நல மையம்" என்று போட்டிருந்தது.

முன்பு ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸம்மா அதே வெள்ளை உடுப்பில், கையில் ஒரு மரக்கட்டையும் மடியில் ஒரு வெண்கலக் கிண்ணமுமாக உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா இது?"

"கிண்ணம் அடிக்கிற வேலை கொடுத்திருக்காங்கண்ணே" என்றார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "மூணு நாள் பயிற்சி. ஊசி போட நாலு வருஷம் படிச்சேன்."

உள்ளே நல அதிகாரி இருந்தார். முன்பு அவர் விற்பனைப் பிரிவில் இருந்தவர். அங்கே சரியாக விற்காததால் இங்கே கொண்டுவந்து வைத்ததாகப் பேச்சு. என்னை ஜமக்காளத்தில் உட்காரவைத்தார்.

"காது கேக்கலைன்னு சொல்லக் கூடாதுங்க. கேக்கிறதுக்கு இன்னும் தயாராகலைன்னு சொல்லணும். நோய்ங்கிற வார்த்தையையே இந்தக் கட்டடத்துலேர்ந்து எடுத்துட்டோம். போன வருஷம் இருநூறு பேரு நோய்னு எழுதிக்கொடுத்தாங்க. இந்த வருஷம் ஒருத்தர்கூட இல்ல. ஏன்? படிவத்துல அந்தக் கட்டமே இல்ல."

"எனக்கு டாக்டர் சீட்டு வேணும் சார். எட்டாம் பிரஸ்ல முன்னால ஒரு மூடுபலகை இருந்துச்சு. சத்தம் கொஞ்சம் அடங்கும். தகடு தள்ள நேரமாகுதுன்னு ஏழு வருஷத்துக்கு முன்னால கழட்டிட்டாங்க..."

"பலகையை மாட்டினா மூடி குறையும். மூடி குறைஞ்சா மேலே உள்ளவங்க மன அமைதி கெடும். அவங்க அமைதி கெட்டா அது உங்களைத்தானே பாதிக்கும்? உங்க நன்மைக்குத்தான் சொல்றேன். சத்தத்தை மாத்த முடியாது. கேக்கிற மனசை மாத்திடலாம். அதுக்குக் கழட்டவும் வேண்டாம், மாட்டவும் வேண்டாம். இருபத்தோரு நாள் ஒலிப்பயிற்சிக்கு வாங்க. அப்புறமும் குறை இருந்தா சீட்டு தர்றேன்."

பிரஸ்ஸில் இருபத்தாறு வருஷம் போனது, இருபத்தோரு நாள் என்ன என்று ஒத்துக்கொண்டேன்.

பயிற்சியில் ஓதுவதற்கு ஒரு சொல் வேண்டும். எந்த மதத்துக்காரரும் கோபிக்கக் கூடாது, எந்த மொழிக்காரரும் பங்கு கேட்கக் கூடாது, எந்த அர்த்தமும் வந்துவிடக் கூடாது என்று ஒரு குழு போட்டு நாலு மாதம் யோசித்தார்களாம். கடைசியில் "ம்" என்று முடிவானது. வாயை மூடிக்கொண்டு நீளமாகச் சொல்ல வேண்டும். ஏழு என்னைப் பார்த்து உதடசைத்தான்: "மேஸ்திரி எது சொன்னாலும் இதைத்தானேய்யா இத்தனை வருஷமா ஓதிக்கிட்டிருக்கோம்? இதுக்கா குழு?"

வேலைக்கு முன்னால் இருபது நிமிஷம். முப்பது பேர் ஜமக்காளத்தில் உட்கார்ந்து கண்ணை மூடி "ம்" சொன்னோம். ரத்த அழுத்தம் இறங்கும், தூக்கம் வரும், கோபம் போகும் என்று அதிகாரி பலன்களை வாசித்தார். தூக்கம் மட்டும் உடனே வந்தது. மூன்றாம் பிரஸ்காரர் குறட்டையை அதிகாரி ஆழ்ந்த நிலை என்று குறித்துக்கொண்டார்.

ஏழாம் நாள் சோதனை.

"இப்ப கிண்ணம் அடிப்பாங்க. எல்லாரும் கண்ணை மூடி ஒரு விரலைத் தூக்குங்க. ஒலி கேக்கிற வரைக்கும் தூக்கியே இருக்கணும். முழுசா அடங்கினதும் இறக்கிடுங்க. ஒலியோட கடைசித் துளி வரைக்கும் எவன் பின்னால போறானோ அவன் மனசு அடங்கியிருக்குன்னு அர்த்தம். பொய் சொல்லக் கூடாது. உங்களை நீங்களே ஏமாத்திக்கிற மாதிரி ஆயிடும்."

கிண்ணம் அடித்தது எனக்குக் காதில் கேட்கவில்லை, முழங்காலில் தெரிந்தது. விரலைத் தூக்கினேன். காதுக்குள் "ஙொய்ங்" என்று ஓடிக்கொண்டிருந்தது. இது கிண்ணமா, எட்டாம் நம்பரா? பிரிக்க முடியவில்லை. முழுசா அடங்கினால் இறக்கச் சொன்னார்கள். அடங்கவில்லை. நான் இறக்கவில்லை.

கை வலித்தது. மற்றக் கையால் முட்டுக்கொடுத்தேன். கண்ணை லேசாகத் திறந்து பார்த்தால் அறையில் யாரும் இல்லை. ஷிப்டு தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அதிகாரி என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணில் தண்ணீர்.

"இன்னுமா கேக்குது?" என்றார்.

"கேக்குதுங்க."

"எங்கேர்ந்து?"

"உள்ளேர்ந்து."

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது.

அன்று மத்தியானமே அறிவிப்புப் பலகையில் என் படம் ஏறியது. "அகச்செவி திறந்த முதல் தொழிலாளர்." எங்கள் ஷெட்டில் மற்றவர்கள் விரலைத் தூக்கியிருந்த நேரமும் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டாம் பிரஸ்காரன் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது, நல்ல காது. பதினெட்டு நொடியில் விரலை இறக்கியிருந்தான். அவன் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் "அலைபாயும் மனம்" என்று எழுதி, சாப்பாட்டு நேரத்திலும் "ம்" சொல்ல வரச் சொன்னார்கள். பழைய ஆட்கள் எல்லாருக்கும் நல்ல மதிப்பெண். எவன் காது எவ்வளவு போயிருக்கிறதோ அவன் அவ்வளவு ஞானி. வேலையிலிருந்து தப்பிக்கலாம் என்று ஏழு ஒருநாள் பொய்யாக விரலைத் தூக்கிவைத்தான். முதுகு அரித்ததால் பத்தாம் நிமிஷம் மாட்டிக்கொண்டான்.

"யோவ் எட்டு, உனக்கு எங்கேயுமே அரிக்காதாய்யா?" என்று கேட்டான்.

இருபத்தோராம் நாள் சீட்டு கேட்டேன். அதிகாரி பதறிப்போனார்.

"டாக்டர்கிட்டயா? அவர் ஏதாவது மருந்தைக் கொடுத்து அந்த ஒலியை நிறுத்திட்டா? நீங்க இப்ப உங்களுக்கு மட்டும் சொந்தமில்லைங்க. உங்களை வெச்சு ஆண்டறிக்கை எழுதியாச்சு."

மேஜையில் என் படிவம் இருந்தது. தலைகீழாக இருந்தாலும் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். உடல் குறை: இல்லை. சிறப்புத் தகுதி: இடைவிடாத உள்ளொலி. பரிந்துரை: தற்போதைய இடத்திலிருந்து மாற்ற வேண்டாம். எழுத்துத் தெரியாத காலத்தில் இப்படி எத்தனை தாளில் ரேகை வைத்தேனோ.

வெளியே வந்தபோது நர்ஸம்மா கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். குரல் எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தார். ஷெட்டுக்கு வந்தே இராதவர், எங்கள் வழக்கத்தை எப்படியோ கற்றிருந்தார்: "அண்ணே, இது ஞானம் இல்ல. காது செத்துக்கிட்டிருக்கிற சத்தம். பொறுங்க. ஏதாவது வழி பண்றேன்."

அடுத்த மாதம் சேர்மன் வந்தார். ஷெட்டைச் சுற்றிப்பார்க்க வந்த பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு சிவப்புக் காதுமூடி போட்டிருந்தார்கள்; பெரிய பெரிய கொப்பரை மாதிரி. ஏழு அதைக் காட்டி, எங்களுக்கு எங்கே என்று அதிகாரியிடம் ஜாடையில் கேட்டான். அவர் வெளியே கூட்டிக்கொண்டுபோய்ப் பதில் சொன்னார்: "அவங்கல்லாம் இன்னும் உங்க நிலைக்கு வரல. பாவம், அவங்களுக்குத் தேவைப்படுது."

மேடையில் என்னைச் சேர்மனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். புது நீலச்சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். அவர் பேசினார். பக்கத்திலேயே இருந்ததால் உதடு நன்றாகத் தெரிந்தது.

"சத்தம்ங்கிறது வெளியில இல்ல. மனசுலதான் இருக்கு. இதைக் கண்டுபிடிக்க நான் ரொம்பக் கஷ்டப்பட்டேன். மலைமேல ஒரு வீடு கட்டினேன். சுத்தி நாப்பது ஏக்கருக்கு ஆள் கிடையாது, வண்டி கிடையாது. அங்க உட்கார்ந்தப்பதான் புரிஞ்சுது, சத்தத்தை நாம ஏத்துக்கணும்னு. இந்த மனிதரைப் பாருங்க. மலைக்குப் போகல. மெஷின் பக்கத்துலேயே நின்னு அடைஞ்சுட்டாரு. சொல்லுங்கய்யா, உங்களுக்கு இந்த ஒலி எப்போலேர்ந்து கேக்குது?"

மைக்கை என் கையில் கொடுத்தார்கள். முன்வரிசையில் வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். உள்ளதைச் சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"எட்டாம் பிரஸ்ஸோட மூடுபலகையைக் கழட்டினதிலேர்ந்துங்க."

கூட்டம் அமைதியாக இருந்தது. அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது. பிறகு சேர்மன் எழுந்து கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள்.

"பாத்தீங்களா! ஒரு பலகைதான் இவருக்கும் உண்மைக்கும் நடுவுல இருந்திருக்கு. மிச்சப் பிரஸ்லயும் பலகையைக் கழட்டுங்க. இந்த ஷெட்டுல நிக்கிறது இனிமே வேலை இல்ல, வரம். தகுதி இல்லாதவங்களுக்கு இங்க இடம் கிடையாது. எவன் விரல் ஒரு நிமிஷத்துக்குள்ள இறங்குதோ அவனை பேக்கிங் ஷெட்டுக்கு அனுப்புங்க. அந்தச் சத்தமில்லாத இடத்துல உட்கார்ந்து அட்டைப்பெட்டி மடிக்கட்டும். ஏங்கிச் சாகட்டும்."

பேக்கிங் ஷெட் என்றால் பிரஸ்காரனுக்கு இளக்காரம். அங்கே போனால் கிரேடு இறங்கும். நீலச்சட்டையை வாங்கிக்கொண்டு சாம்பல்சட்டை கொடுப்பார்கள். ஏழு அந்தச் சட்டையைப் பார்த்தாலே, "வா வா பெட்டி" என்று கூப்பிடுவான்.

சேர்மன் இறங்கிப் போகும்போது அதிகாரியிடம், "இதுக்கெல்லாம் ஒரு சான்று வேணும்யா. சுவத்துல மாட்டுற மாதிரி" என்றார். பூங்கொத்து வைத்துக்கொண்டு பின்னால் நின்ற நர்ஸம்மா சட்டென்று சொன்னார்: "காது டாக்டர்கிட்ட அனுப்பினா படமாவே வரைஞ்சு தருவாங்க சார். கையெழுத்தும் சீலும் இருக்கும்." அதிகாரி அங்கேயே, நர்ஸம்மா முதுகைக் குனிந்து கொடுக்க, அதன்மேல் வைத்துச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

அப்படித்தான் எனக்குச் சீட்டு கிடைத்தது.

காது டாக்டர் ஒரு சின்னக் கூண்டுக்குள் உட்காரவைத்து, ஒலி கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார். நான் அழுத்திய கையை எடுக்கவில்லை. இரண்டு தடவை திட்டினார். மூன்றாவது தடவை திட்டவில்லை. வெளியே கூட்டிவந்து, முகமூடியை இறக்கிவிட்டு, நான் உதட்டைப் பார்க்கும்படி நிதானமாகச் சொன்னார்.

"வலது காது போயிடுச்சு. இடதுல பாதி இருக்கு. அந்த ரீங்காரம் இனிமே போகாது. ஆனா இருக்கிற பாதியைக் காப்பாத்தலாம். அந்த ஷெட்டுக்குள்ள இனிமே கால் வைக்காதீங்க."

தாளில் ஒரு கோடு, படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே போயிருந்தது. அடியில் அவர் எழுதியிருந்ததைப் பஸ்ஸில் மூன்று தடவை வாசித்தேன். "இவர் இரைச்சலுள்ள இடத்தில் வேலை செய்யக் கூடாது." என் வாழ்க்கையில் எனக்காக ஒருவர் எழுதிய முதல் நல்ல வரி. மகள் கற்றுக்கொடுத்த எழுத்துக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு வாரத்தில் அந்தத் தாள் கண்ணாடிச் சட்டம் போட்டு நுழைவாயிலில் தொங்கியது. மேலே தங்க எழுத்தில் "மனம் அமைதிக்கு இறங்கும் பாதை." பார்க்க வருகிறவர்கள் அந்தக் கோட்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இந்த வருஷக் கடைசிக்குள் எல்லாருடைய கோடும் இந்த அளவுக்கு இறங்க வேண்டும் என்று இலக்கும் வைத்தார்கள்.

"சார், அடியில ஒரு வரி இருந்துச்சே?" என்றேன்.

அதிகாரி தள்ளி நின்று பார்த்தார். "அது சட்டத்துக்கு அடியில போயிடுச்சுங்க. இருந்தா பார்க்க அழகா இல்ல."

"என்னை எட்டுலேர்ந்து மாத்தணும்னு டாக்டர் எழுதியிருக்காரு."

"அவர் இரைச்சல்னுதானே எழுதினாரு? நாமதான் அந்த வார்த்தையையும் போன மாசம் எடுத்துட்டோமே."

அன்று சாயங்காலம் டைம் கார்டு வைக்கிற இடத்தில் நர்ஸம்மா என்னை நிறுத்தினார். உதடு அசைந்தது.

"நாளைக்குச் சோதனை. கிண்ணம் அடிச்சதும் விரலை இறக்கிடுங்கண்ணே."

"அடங்காம எப்படிம்மா இறக்கிறது? பொய்யாயிடுமே."

"அவங்க சொன்ன பொய்யால உங்க காது போச்சு. உங்க பொய்யால யார் காது போகப்போகுது?"

ராத்திரி அதை நினைத்துப் படுத்திருந்தேன் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். அசதியில் தூங்கிவிட்டேன்.

காலையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்தேன். முழங்காலில் கிண்ணம் தெரிந்தது. விரலைத் தூக்கினேன். காதுக்குள் எட்டாம் நம்பர் வழக்கம்போல அடித்தது. ஐந்து வரை எண்ணினேன். பன்னிரண்டு கிலோ தகட்டுக் கட்டு ஒன்றை ஒரே கையில் தூக்குகிறவன் நான். அந்த ஒரு விரலை இறக்க அத்தனை கனமாக இருந்தது. இறக்கினேன்.

கண்ணைத் திறந்தபோது அதிகாரி வீட்டில் சாவு விழுந்த மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க ஆச்சு? உள்ளே கேக்கலையா?"

"இல்லைங்க. அடங்கிடுச்சு."

"ஐயோ" என்றார். "எல்லாம் போச்சே."

பத்து மணிக்கு என் நீலச்சட்டையை வாங்கிக்கொண்டார்கள். படம் பலகையிலிருந்து இறங்கியது. கோடு மட்டும் வாயிலில் இருந்தது, பெயரை எடுத்துவிட்டு. சாம்பல்சட்டையோடு ஷெட்டைக் கடந்து போனபோது ஏழு பார்த்தான். "வா வா பெட்டி" என்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் என் சட்டையைப் பார்த்தான், பிறகு என் காதைப் பார்த்தான். தன் விரலைத் தூக்கி, மெதுவாக மடக்கிக் காட்டி, ஒற்றைப் புருவத்தை உயர்த்தினான். நான் தலையாட்டினேன்.

மறுநாள் சோதனையில், நர்ஸம்மா மரக்கட்டையைக் கையில் எடுப்பதற்குள்ளேயே இருபது விரல் இறங்கிவிட்டதாம். அதிகாரி அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறார். தொழிலாளர்களுக்கு இன்னும் தீவிரமான பயிற்சி தேவை என்று.

பேக்கிங் ஷெட்டில் சத்தம் இல்லை. அட்டை மடிக்கிற சரசரப்பு இருக்கிறதென்று சொல்கிறார்கள். வெளியே சத்தம் இல்லாததால் உள்ளே ஓடுகிற எட்டாம் நம்பர் இப்போது இன்னும் துல்லியமாகக் கேட்கிறது. பழகிக்கொள்ள வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் வந்தது. வீட்டுக்காரி எடுத்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு என் இடது காதில் அழுத்தி வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம், தகட்டின் ஓரத்தில் நகத்தால் கீறினால் வருமே, அப்படி மெல்லிசாக ஒன்று வந்தது. அறுந்தது. மறுபடி வந்தது. எட்டாம் நம்பருக்கு இப்படி விட்டுவிட்டு அடிக்கத் தெரியாது. இது வேறே. இது ஆள்.

பழக்கதோஷத்தில் விரலைத் தூக்கியிருந்தேன்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ. அழுகை மெலிந்து மெலிந்து உள்ளே ஓடுகிற ஒலியோடு கலந்தது. இன்னும் கேட்கிறது என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறந்தால் வீட்டுக்காரி எதிரே நின்றாள். போன் எப்போதோ மேஜைக்குப் போயிருந்தது.

"கேட்டுச்சா?" என்று உதடசைத்தாள்.

தலையாட்டினேன்.

"பிள்ளை பால் குடிச்சுத் தூங்கிடுச்சுங்க. ரொம்ப நேரமாச்சு" என்று சொல்லி, என் விரலைப் பிடித்து அவளே மடக்கிவிட்டாள்.